சாளரமும் சட்டமும்: மரச்சன்னல் சொற்களின் வரலாறும் மரம் வாங்குவோர் வழக்கும்

0. முன்னுரை

பழைய வீட்டின் சன்னலை மாற்ற முற்படும் ஒருவர் மரக்கடைக்குச் செல்லும்போது அவர் கேட்கும் சொற்களும் சொல்லும் சொற்களும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்ல; ஒரே மொழியைச் சேர்ந்தவையும் அல்ல. நிலை, சட்டம், வைரம், வெள்ளை என்பன தமிழ்த் தச்சர் வழக்கில் நெடுங்காலமாக உள்ளவை. சன்னல், கிராதி என்பன போர்ச்சுகீசியர் வழி வந்தவை. பீடிங், மோல்டிங், ஷட்டர் என்பன ஆங்கிலம் தந்தவை. சி.பி. தேக்கு, பர்மாத் தேக்கு என்பன ஆட்சி எல்லைகளும் வணிக வழிகளும் விட்டுச் சென்ற பெயர்கள். ஒரு சன்னலைச் சுற்றி இத்தனை வரலாற்று அடுக்குகள் உள்ளன.

இவ்வடுக்குகளை வரிசைப்படுத்திக் காட்டுவது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். மரச்சந்தையில் வழங்கும் பெயர் எப்பொழுதும் மரத்தின் பெயராக இருப்பதில்லை என்பதையும், அப்பெயரின் வரலாற்றை அறியாதவர் பெயரை நம்பி வேறொரு பொருளை வாங்க நேர்கிறது என்பதையும் எடுத்துரைப்பது இரண்டாவது நோக்கமாகும். சொல் வரலாறு ஏட்டிற்கு மட்டும் உரியதன்று. வீடு கட்டுவோர்க்கும் பழுது பார்ப்போர்க்கும் பயன்படுவது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. கண்ணும் காற்றும்: பழைய சொற்கள்

1.1. சன்னலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொற்கள் இரண்டு கருத்துகளை அடிப்படையாகக் கொண்டுள்ளன. ஒன்று காற்று, மற்றொன்று கண். சிலப்பதிகாரத்தில் பயிலும் 'காலதர்' என்னும் சொல் கால், அதர் என்னும் இரு சொற்களின் தொகை. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. எனவே காலதர் என்பது காற்று வரும் வழியாகும். அந்நூல் காலதரை மானின் கண்ணோடு இணைத்துச் சுட்டுகிறது. 'சாளரம்' என்னும் சொல்லும் அதே நூலில் வருகிறது; அங்கும் சாளரத்தின் துளைகள் கண் என்றே குறிக்கப்படுகின்றன. பிற்காலத்துப் 'பலகணி' என்பது பல கண்களை உடையது என்னும் பொருளது.

1.2. இவ்விரு கருத்துகளும் தமிழுக்கு மட்டும் உரியவை அல்ல. வடமொழியில் 'வாதாயனம்' என்பது காற்று வழி. 'கவாக்ஷம்' என்பது ஆவின் கண். ஆங்கில 'விண்டோ' என்பது பழைய நார்ஸ் மொழியில் காற்றின் கண் எனப் பொருள்படும் தொகைச்சொல்லிலிருந்து தோன்றியது. வெவ்வேறு மொழிகள் ஒரே உருவகத்தை அடைந்தமைக்குக் காரணம் பொருளின் அமைப்பே எனலாம். கண்ணாடிப் பலகை பரவுவதற்கு முன்னர்ச் சன்னல் என்பது பெரும்பாலும் சுவரில் விட்ட துளை. அல்லது துளைகள் பல உடைய மரப்பின்னல். 'சாளரம்' என்பதை வலை, பின்னல் எனப் பொருள்படும் வடமொழி 'ஜால' என்பதோடு தொடர்புபடுத்துவர். 'சாலகம்', 'சாலேகம்' என்னும் வடிவங்களும் அப்பின்னலையே நினைவூட்டுகின்றன.

1.3. அக்காலத்து மரச்சன்னல்கள் இன்று எஞ்சவில்லை. எனினும் அவற்றின் சாயல் கல்லில் தங்கியுள்ளது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலின் கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அக்கோயில் அமைக்கப்பட்டதாகக் கூறுகிறது. அவ்வாறு கூற வேண்டிய தேவை இருந்தமையே, அதற்கு முன் மரம் கட்டடக் கலையின் இயல்பான பொருளாக இருந்தது என்பதற்குச் சான்றாகும். பல்லவர் காலக் கோயில்களின் கொடுங்கையில் காணப்படும் 'கூடு' என்னும் குதிரை லாட வடிவ அணி, மரத்தால் வளைத்துச் செய்த சன்னல் முகப்பின் கல் வடிவமாகும். மரம் அழிந்தது, அதன் வடிவமும் சொல்லும் கல்லில் நிலைத்தன.

1.4. மரத்தின் தன்மையைக் குறிக்கும் சொற்களும் பழமையானவை. தொல்காப்பிய மரபியல், புறத்தே வன்மை உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மை உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அவ்வன்மைக்கு அந்நூல் வழங்கும் சொல் 'காழ்'. பின்னர்ச் 'சேகு', 'வயிரம்' என்னும் சொற்களும் அப்பொருளில் வழங்கின. இன்றைய மரக்கடைகளில் நடுமரத்தை 'வைரம்' என்றும் அதைச் சூழ்ந்த வெளிறிய பகுதியை 'வெள்ளை' என்றும் கூறுகின்றனர். பழைய நூல்களில் வைரமற்ற தன்மையைக் குறிக்கும் 'வெளிறு' என்பதும், இன்றைய 'வெள்ளை' என்பதும் நிறத்தால் குறையைச் சுட்டும் ஒரே கருத்தமைவின. மலையாளத்தில் இவ்விரு பகுதிகளும் 'காதல்', 'வெள்ள' எனப்படுகின்றன. மரம் வாங்குவோர் இன்றும் முதலில் நோக்க வேண்டிய வேறுபாட்டை இலக்கண நூல் மரத்தின் இலக்கணமாகவே வைத்தது என்பது எண்ணத்தக்கது.

2. வந்த சொல்லும் சென்ற சொல்லும்

2.1. 'சன்னல்' என்பது போர்ச்சுகீசிய 'ஜனெலா' என்பதன் திரிபு எனச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி குறிப்பிடுகிறது. ஜனெலா என்பது வாயில் எனப் பொருள்படும் இலத்தீன் 'யானுவா' என்பதன் குறுமை வடிவிலிருந்து தோன்றியது. எனவே அதன் அடிப்பொருள் சிறுவாயில் என்பதாகும். காற்றாகவும் கண்ணாகவும் கருதப்பட்ட ஒன்று இச்சொல்லின் வழியே ஒரு சிறு கதவாகப் பெயர் பெற்றது.

2.2. இச்சொல்லின் பரவல் போர்ச்சுகீசியரின் கடல் வணிகத்தின் பரப்பைக் காட்டுகிறது. கொங்கணியில் ஜனேல், மலையாளத்தில் ஜனல், சிங்களத்தில் ஜனேலய, வங்கத்தில் ஜானாலா, மலாய் மொழியில் ஜெண்டெலா எனக் கரையோர மொழிகள் பல இதனை ஏற்றன. செபாஸ்தியாவ் ரொடோல்ஃபோ தால்காதோ 1913இல் வெளியிட்ட நூல், ஆசிய மொழிகளில் கலந்த இத்தகைய போர்ச்சுகீசியச் சொற்களைத் தொகுத்துரைக்கிறது. இதற்கு மாறாகத் தெலுங்கும் கன்னடமும் இந்தியின் 'கிட்கீ' என்பதோடு தொடர்புடைய கிடிகி, கிடகி என்னும் வடிவங்களைக் கொண்டன. எனவே சன்னலைக் குறிக்கும் சொல்லைக் கொண்டே தென்னிந்திய மொழிகளை இரு வகையாகப் பிரித்தல் கூடும். தமிழும் மலையாளமும் கடல் வழியே பெற்றன. தெலுங்கும் கன்னடமும் நில வழியே பெற்றன.

2.3. சொல் மட்டும் தனியே வரவில்லை. 'கிராதி' என்னும் அளிச்சட்டம் போர்ச்சுகீசிய 'கிராதெ' என்பதிலிருந்து வந்தது. கதவையும் சன்னலையும் நிலையோடு பிணைக்கும் கீலுக்குக் குமரி மாவட்டத்திலும் மலையாளத்திலும் வழங்கும் 'விஜாகிரி' என்பதும் அம்மொழிச் சொல்லே. அலமாரி, மேசை, சாவி என்பனவும் இவ்வரிசையில் அடங்கும். திறந்து மூடும் சன்னல், அதன் கீல், அதன் பூட்டு என ஒரு தொழில்நுட்பத் தொகுதி முழுவதும் தன் பெயர்களோடு வந்து சேர்ந்தது எனலாம். ஆயினும் சன்னலைத் தாங்கும் உறுப்புக்குக் கடன் சொல் ஏற்கப்படவில்லை. 'நில்' என்னும் வினையடியாகப் பிறந்த 'நிலை'யும், 'சட்டம்' என்பதும் தொடர்ந்து வழங்கின. மரத்தைச் செவ்வையாக இணைத்த அமைப்பையும், மீறலாகாத விதியையும் ஒருங்கே குறிப்பது 'சட்டம்'. தச்சர் வழக்கும் நீதிமன்ற வழக்கும் ஒரே சொல்லில் சந்திக்கும் அரிய இடம் இது. இதன் பொருத்தம் ஆறாம் பகுதியில் புலனாகும்.

2.4. ஜனெலா உள்ளே வந்த அதே கரையிலிருந்து 'தேக்கு' என்னும் சொல் வெளியே சென்றது. மலையாளத்துக்கும் தமிழுக்கும் பொதுவான இச்சொல்லைப் போர்ச்சுகீசியர் 'தெக்கா' என வழங்கினர். அதிலிருந்து ஆங்கில 'டீக்' தோன்றியது. 1782இல் இளைய லின்னேயஸ் இம்மரத்திற்கு இட்ட 'டெக்டோனா' என்னும் பேரினப் பெயரிலும் இத்திராவிடச் சொல்லின் ஒலி உள்ளது. தச்சனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் அப்பெயரோடு தொடர்புபடுத்துவர். இவ்வாறு திறப்பின் பெயர் மேற்கிலிருந்து வந்தது. அதனைச் சுற்றி அமைக்கும் மரத்தின் பெயர் இங்கிருந்து மேற்கே சென்றது. இன்றைய தேக்குச் சன்னலில் இவ்விரு பயணங்களும் சேர்ந்துள்ளன.

3. காடும் மரச்சந்தையும்

3.1. தேக்கு முதலில் பெருவணிகப் பொருளானது வீட்டிற்காக அன்று, கப்பலுக்காக. 1806இல் ஆங்கிலக் கம்பெனி மலபார்க் காடுகளுக்குக் கேப்டன் வாட்சன் என்பவரைக் காப்பாளராக நியமித்துத் தேக்கின் மீது தனியுரிமை செலுத்தியது. மர வணிகர், மக்கள் ஆகியோரின் எதிர்ப்பினைத் தொடர்ந்து, தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராக இருந்த 1823இல் அப்பதவி நீக்கப்பட்டது. பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்ட 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கிறது.

3.2. காடு குறையவே, 1840களில் மலபார் ஆட்சியர் கானலியின் முயற்சியாலும் சாத்து மேனனின் உழைப்பாலும் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் உருவாயிற்று. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1856இல் டீட்ரிக் பிராண்டிஸ் பெகுக் காடுகளின் பொறுப்பை ஏற்றார். பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் தம் ஊர்களில் எழுப்பிய மாளிகைகளின் தூண்களிலும் நிலைகளிலும் பர்மாத் தேக்கு இடம்பெற்றது. 'பர்மாத் தேக்கு' என்பது அக்காலத்தில் ஊர்ப்பெயர். பின்னர் அது தரப்பெயராயிற்று.

3.3. மரங்களின் வட்டாரப் பெயர்களைத் தொகுக்கும் பணியும் இக்காலத்தில் நடந்தது. கேம்பிள் 1881இல் வெளியிட்ட இந்திய மரங்கள் பற்றிய கையேடு, மரங்களின் தாவரவியல் பெயரோடு இந்திய மொழிப் பெயர்களையும் தந்தது. 1885இல் கிரியர்சன் வெளியிட்ட பீகார் உழவர் வாழ்க்கை பற்றிய நூல், வீட்டின் உறுப்புகளுக்கும் தச்சர் கருவிகளுக்கும் அப்பகுதி மக்கள் வழங்கிய சொற்களைத் திரட்டித் தந்தது. ஆட்சியின் தேவை காரணமாக எழுந்தவையாயினும் இவை இன்றைய சொல்லாய்வுக்கு அடிப்படைச் சான்றுகளாகும்.

4. பெயர் ஒன்று, மரம் வேறு

4.1. மரச்சந்தைப் பெயர்களில் காணப்படும் பொருள் மாற்றத்தை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஊர்ப்பெயர் தரப்பெயராதல். 'சி.பி. தேக்கு' என்பதில் உள்ள 'சி.பி.' என்பது மத்திய மாகாணம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். அம்மாகாணப் பெயர் 1950இல் மத்தியப் பிரதேசம் என மாறியது. எனினும் அச்சுருக்கம் மரக்கடை வழக்கில் தொடர்கிறது. 'பல்லார்ஷா தேக்கு' என்பது மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்து மரக்கிடங்கால் பெற்ற பெயர். இத்தகைய பெயர்கள் மரம் எங்கே வளர்ந்தது என்பதைக் காட்டிலும், விற்பவர் அதனை எத்தரத்தில் வைக்கிறார் என்பதையே பெரும்பாலும் தெரிவிக்கின்றன.

இரண்டாவது, ஒப்புமையால் பெயர் இடுதல். 'சில்வர் ஓக்' என்பது ஓக் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து மலைத் தோட்டங்களில் நிழல் மரமாக வளர்க்கப்படுவது. 'மலேசியச் சால்' என்பது வட இந்தியச் சால மரம் அன்று. அதன் பேரினமாகிய சோரியாவின் வேறு சிற்றினங்கள் இப்பெயரில் விற்கப்படுகின்றன. 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்பது இருபொருள் தருவது. ஐரோப்பிய வணிகத்தில் அது தேக்கோடு தொடர்பற்ற ஆப்பிரிக்க மரங்களைக் குறித்தது. இந்தியச் சந்தைக்கோ ஆப்பிரிக்க நாடுகளின் தோட்டங்களில் வளர்ந்த உண்மையான தேக்கும் வருகிறது. ஒரே தொடர் ஒரு கடையில் ஒரு மரத்தையும் மற்றொரு கடையில் வேறொரு மரத்தையும் குறிக்கக் கூடும்.

மூன்றாவது, பழம்பெயர் வேறு மரத்திற்கு வழங்குதல். சங்க இலக்கியத்தில் மஞ்சள் மலருக்காகப் புகழப்படும் கோங்கம், காக்ளோஸ்பெர்மம் என்னும் பேரினத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதன் மரம் மென்மையானது. இன்று நிலைக்கும் சட்டத்திற்கும் விற்கப்படும் 'கோங்கு' என்பதோ ஹோபியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த, மேற்குத் தொடர்ச்சி மலையின் கனத்த வன்மரம். இலக்கியச் சொல்லை மட்டும் அறிந்தவர் இங்கே இடர்ப்படுவார்.

4.2. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே இந்தியத் தர நிர்ணய அமைப்பு மரங்களின் வணிகப் பெயர்களுக்கும் குறியீடுகளுக்கும் ஐ.எஸ். 1150 என்னும் தரநூலை வெளியிட்டது. ஒரு பெயருக்கு ஒரு மரம் என்பது அதன் கோட்பாடு. ஆயினும் சிறுகடைகளின் விற்பனைச் சீட்டில் பழைய வழக்கே நிலவுகிறது. எனவே வாங்குவோர் பெயரோடு நில்லாமல் தாவரவியல் பெயரையும் விளைந்த நாட்டையும் சீட்டில் எழுதித் தருமாறு கேட்பது பொருத்தமாகும். அவ்வாறு எழுதித் தர விற்பவர் தயங்குவாராயின், அத்தயக்கமே ஒரு விடையாகும்.

5. விளிம்புச் சட்டம்

5.1. புதிய சன்னலின் நிலைக்கும் சுவர்ப் பூச்சுக்கும் இடையே எழும் இடைவெளியை மறைக்க அறையப்படும் மெல்லிய மரப்பட்டையே இங்கு விளிம்புச் சட்டம் எனப்படுகிறது. தமிழ்த் தச்சர் வழக்கில் இதற்குப் பீடிங், கவர் பீடிங், மோல்டிங் என ஆங்கிலச் சொற்களே பெருவழக்கு. பொறியாளர் 'ஆர்க்கிடிரேவ்' என்பர்.

இச்சொற்களின் வரலாறும் சுவையானது. ஆங்கில 'பீட்' என்பது முதலில் வழிபாட்டைக் குறித்தது. பின்னர் எண்ணிச் செபிக்கும் மணியையும், அதன்பின் மணிவரிசை போலச் செதுக்கிய அணியையும், இறுதியில் அவ்வணி இல்லாத மரப்பட்டையையும் குறித்தது. 'ஆர்க்கிடிரேவ்' என்பதன் அடிப்பொருள் தலைமை உத்தரம். கற்கோயிலின் தூண்கள் மீது கிடந்த பெருங்கல் இன்று விரலளவு மரப்பட்டையாகக் குறுகியுள்ளது. தமிழ்க் கோயிற் கட்டடக் கலையில் அதிட்டானத்தின் தட்டையான விளிம்புறுப்பிற்குப் 'பட்டிகை' என்னும் பெயர் ஏற்கெனவே உள்ளது. புதிய கலைச்சொல் தேடுவோர் முதலில் நோக்க வேண்டியது இத்தகைய உள்ளூர்ச் சொற்களையே.

5.2. விளிம்புச் சட்டம் ஏன் தேவைப்படுகிறது? மரம் ஈரம் ஏற்று விரிகிறது. ஈரம் இழந்து சுருங்குகிறது. சுவர் அவ்வாறு அசைவதில்லை. எனவே இரண்டும் சந்திக்கும் கோட்டில் பூச்சு வெடிக்கிறது. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது தேக்கு ஆண்டு வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 5.8 விழுக்காடும், மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் ஏறத்தாழ 2.5 விழுக்காடும் சுருங்குகிறது. நீளவாக்கில் சுருக்கம் மிகச் சிறிது. ஈரப்பதம் 18 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறையுமாயின், 100 மில்லிமீட்டர் அகலமுள்ள பட்டை முதல் வகை அறுவையில் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டரும் இரண்டாம் வகை அறுவையில் அதன் பாதிக்கும் குறைவாகவும் ஒடுங்கும். மூலையில் சாய்வாக வெட்டிப் பொருத்திய இணைப்பு அப்போது உட்புறத்தே வாய் திறக்கும். தச்சர் கைத்திறன் குறைவு என இதனைக் கருதுவோர் பலர். உண்மையில் குறை மரம் உலராமையே. தேக்கு அல்லாத பல மரங்களில் இச்சுருக்கம் மேலும் மிகுதியாகும்.

ஐ.எஸ். 287 என்னும் தரநூல் நாட்டைக் காற்றின் ஈரத்தன்மைக்கேற்ப நான்கு மண்டலங்களாகப் பிரித்து, மரத்திற்கு ஏற்ற ஈரப்பதத்தை வகுத்துள்ளது. கடற்கரை நகரில் உலர்த்திய பட்டை உள்நாட்டின் வறண்ட கோடையில் மேலும் சுருங்கும். எனவே வாங்கிய பட்டைகளை அறைவதற்கு முன்னர்ச் சில நாட்கள் அவ்வீட்டிற்குள்ளேயே காற்றோட்டமாக அடுக்கி வைப்பது நன்று.

5.3. தேர்வில் அடுத்து நோக்கத்தக்கது வைரமும் வெள்ளையும். தேக்கின் வைரம் கரையானை எதிர்ப்பது. அதில் உள்ள டெக்டோகுவினோன் போன்ற வேதிப்பொருள்கள் அதற்குக் காரணமாகும். வெள்ளைப் பகுதிக்கு அத்தன்மை இல்லை. அதில் உள்ள மாவுப்பொருள் துளைக்கும் வண்டுகளை ஈர்க்கிறது. மெல்லிய பட்டைகள் பெரும்பாலும் பெரிய சட்டங்கள் அறுத்து எஞ்சிய விளிம்புகளிலிருந்து எடுக்கப்படுவதால், அவற்றில் வெள்ளை மிகுந்திருக்க வாய்ப்புண்டு. சாயம் பூசிய பட்டையில் இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே சாயமோ மெருகோ பூசாத நிலையில் நான்கு புறமும் முனையும் பார்த்து வாங்குதல் வேண்டும்.

5.4. அளவுச் சொற்களிலும் வரலாறு உண்டு. உருண்டை மரத்தை அளக்கச் சுற்றளவின் நான்கில் ஒரு பங்கை இருமடி பெருக்கி நீளத்தால் பெருக்கும் முறை, 1736இல் நூல் வெளியிட்ட எட்வர்ட் ஹாப்பஸ் பெயரால் வழங்குகிறது. இம்முறை உண்மைக் கன அளவில் ஏறத்தாழ 78.5 விழுக்காட்டையே காட்டும். அறுவையில் கழியும் பகுதிக்கு இடம் விட்ட கணக்கு இது. அறுத்த சட்டம் கன அடியிலும், விளிம்புப் பட்டை நீள அடியிலும் விற்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, 4 அடிக்கு 4 அடி வெளியளவுள்ள சன்னல் நிலையை 4 அங்குலத்திற்கு 2½ அங்குலச் சட்டத்தால் செய்ய 16 அடி நீளம், அதாவது ஏறத்தாழ 1.11 கன அடி தேவை. அதே நிலையைச் சுற்றி 2 அங்குல அகலப் பட்டையை, நிலையின் மீது ½ அங்குலம் படியுமாறு அறைந்தால், ஒவ்வொரு பக்கமும் வெளிவிளிம்பில் 4 அடி 3 அங்குலம் ஆகிறது. மொத்தம் 17 அடி. சுற்றளவு 16 அடிதானே என எண்ணி வாங்குபவர்க்குக் கடைசித் துண்டு குறையும். 9 அடிப் பட்டைகள் இரண்டு வாங்கினால் ஒவ்வொன்றிலும் இரு துண்டுகள் கிடைத்து, வாளறுவைக்கும் இடமிருக்கும். சீட்டில் உள்ள அளவு அறுவை அளவா, இழைத்த அளவா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். இழைப்புளி ஓடியபின் சில மில்லிமீட்டர் குறையும்.

5.5. ஒரு சன்னலை மட்டும் மாற்றுவோர் பழைய பட்டையின் வடிவிற்கு ஒத்த புதிய பட்டையைத் தேடுவர். பழைய வடிவுகள் வளைந்த அலகுடைய இழைப்புளியால் கையால் இழைக்கப்பட்டவை. இன்றைய பொறியின் அலகுகள் வேறு. இங்கே எந்தச் சொல்லும் போதாது. பழைய பட்டையிலிருந்து ஒரு சாண் துண்டை அறுத்து எடுத்துச் செல்வதே தெளிவான வழியாகும்.

6. மாற்றமும் இழப்பும்

6.1. 1993இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் கட்டடங்களில் மரப் பயன்பாட்டைத் தடை செய்தது. காடுகளைக் காத்தல் அதன் நோக்கம். 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் வழங்கிய ஆணை இதனினும் பெரிய விளைவை உண்டாக்கியது. 'காடு' என்னும் சொல்லை அதன் அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என நீதிமன்றம் கூறியது. அதனால் அரசுப் பதிவேட்டில் காடு என இல்லாத நிலமும் காட்டுச் சட்டத்தின் வரம்பிற்குள் வந்தது. மரம் வெட்டுதலும் அறுவை ஆலைகளும் கட்டுப்படுத்தப்பட்டன. ஒரு சொல்லின் பொருள் வரையறை மரச்சந்தையையே மாற்றியமைத்ததற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது. மரச்சட்டத்தின் விலையை நீதிச்சட்டம் முடிவு செய்தது.

6.2. உள்நாட்டு மரம் அருகவே அயல்நாட்டு மரம் பெருகியது. 2014 ஏப்ரல் 1 முதல் மியன்மார் அறுக்காத மரத்தின் ஏற்றுமதியைத் தடை செய்தது. அதன்பின் அறுத்த மரமாகவே அந்நாட்டுத் தேக்கு வர முடிந்தது. பர்மாத் தேக்கு என்னும் பெயர் மட்டும் வேறு நாட்டுத் தேக்கிற்கும் பரவியது. 2020இல் மத்தியப் பொதுப்பணித் துறை தன் தடையை நீக்கியது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் அலுமினியமும் எஃகும், யு.பி.வி.சி. எனும் நெகிழியும் மரச்சன்னலின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன.

6.3. பொருள் மாறும்போது சொற்களும் வழக்கிழக்கின்றன. கல்கத்தாவின் பழைய வீடுகளில் சாய்வான மரப்பட்டைகள் அமைந்த சன்னல் கதவை வங்காளிகள் 'கொட்கொடி' என்பர். கோவாவில் மெல்லிய சிப்பித் தகடுகளை மரச்சட்டத்தில் செருகிய சன்னல்கள் கண்ணாடிக்கு முன்னோடியாக விளங்கின. இவை அகற்றப்படும் வீடுகளில் அவற்றின் உறுப்புகளுக்குரிய சொற்களும் அடுத்த தலைமுறையின் வாயில் இடம்பெறுவதில்லை. தமிழிலும் நிலை, சட்டம், கிராதி என்பன நிற்க, அவற்றின் நுண்ணுறுப்புகளுக்கும் இணைப்பு வகைகளுக்கும் வட்டாரந்தோறும் தச்சர் வழங்கும் சொற்கள் ஏட்டில் ஏறாமலே மறையும் நிலையில் உள்ளன.

6.4. தெலுங்கில் இப்பணி முன்னரே தொடங்கப்பட்டது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் வழிகாட்டலில் உழவுத் தொழிற்சொற்களின் தொகுதி 1962இல் வெளிவந்தது. அவ்வரிசையில் கட்டடத் தொழிலுக்கெனவும் ஒரு தொகுதி உருவாயிற்று. சொல்லை அதன் ஊரோடும் உருவத்தோடும் சேர்த்துப் பதிவு செய்யும் அம்முறை தமிழ்த் தச்சர் சொற்களுக்கும் முழுமையாகப் பின்பற்றத்தக்கது. பழைய சன்னல் கழற்றப்படும் நாளே அதற்கு ஏற்ற நாள். உறுப்புகள் தனித்தனியே பிரிந்து கிடக்கும் அப்போதுதான் ஒவ்வொன்றின் பெயரையும் கழற்றும் தச்சரிடமே கேட்டு எழுத இயலும். அடுத்த நாள் அவை விறகாகிவிடும்.

7. முடிவுரை

சன்னலைக் குறிக்கும் சொல் காற்று, கண், வாயில் என மூன்று கருத்துகளைக் கடந்து வந்துள்ளது. அதனைச் சூழும் மரத்தின் பெயரோ இம்மண்ணிலிருந்து உலகெங்கும் சென்று, பின் பல்வேறு நாட்டு அடைமொழிகளோடு திரும்பி வந்துள்ளது. இவ்வரலாற்றில் பெயரும் பொருளும் பல இடங்களில் பிரிந்துள்ளன. அப்பிரிவை அறிந்தவர் மரக்கடையில் பெயரை ஒரு தொடக்கமாக மட்டும் கொண்டு, வைரத்தையும் உலர்வையும் அளவையும் தாமே நோக்குவர். அறியாதவர் பெயருக்கு விலை கொடுத்து வருவர்.

மரத்தை அகவன்மையால் வரையறுத்த பழைய இலக்கணம் இன்றும் வாங்குவோர்க்குத் துணை நிற்கிறது. அத்தகைய வேறு எத்தனை சொற்கள் தச்சர் வாய்மொழியில் எஞ்சியுள்ளன என்பதைக் கள ஆய்வே காட்ட இயலும். சன்னல்கள் மாறிக்கொண்டிருக்கும் இக்காலமே அவ்வாய்வுக்கு எஞ்சியுள்ள காலமாகும்.